பரணில் கிடக்கும் லேப்டாப்பை வீட்டு கிட் சர்வர் ஆக்குவது எப்படி

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவுக்கு மேலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கலாம். திரையில் கோடு விழுந்திருக்கும், இரண்டு கீ எகிறிப் போயிருக்கும், விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். காயலான் கடையில் போட்டாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் புரோகிராமிங் கற்கும் ஒருவருக்கு அது நல்ல வாத்தியார். அதில் லினக்ஸ் போட்டு, வீட்டு ரவுட்டரில் இணைத்து, உங்கள் நிரல்களைச் சேர்த்துவைக்கும் கிட் சர்வராக (கிட் என்பது கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) மாற்றினால் டெர்மினல் (கட்டளை தட்டும் திரை), கிட், நெட்வொர்க் மூன்றும் ஒரே வேலையில் கைக்கு வந்துவிடும். தனித்தனியாக மூன்று வீடியோ தொடர் பார்ப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி.

கிட் ப்ராஜெக்டுகளை இணையத்தில் வைத்துக்கொள்ள கிட்ஹப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கிட்ஹப்பை விடச் சொல்லவில்லை, நானும் அங்கே இருக்கிறேன். ஆனால் கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் நிறைய. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியது 2005 ஏப்ரலில். லினக்ஸ் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) குழு அதுவரை இதே வேலைக்குப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் மென்பொருளுக்கு இலவச உரிமம் நின்றுபோனதால் வந்த அவசரம் அது. கிட்ஹப் வந்தது 2008-இல்தான். கிட்டுக்கு மையச் சர்வர் என்று ஒன்று கட்டாயமே இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் முழு வரலாறும் இருக்கிறது. தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையவைக்கும் எஸ்எஸ்எச் வழியாக எட்ட முடிகிற எந்தக் கணினியும், கிட் நிறுவியிருந்தால், கிட் சர்வர்தான்.

ஒரு சின்ன விஷயம். இங்கே கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே, காதில் கேட்கும்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் அப்படியே.

முதலில் பேட்டரியைப் பாருங்கள்

லினக்ஸ் போடுவதற்கு முன் லேப்டாப்பைத் தட்டையான மேஜையில் வையுங்கள். அடிப்பாகம் உப்பி ஆடுகிறதா, டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றாமல் இரவு பகலாக சார்ஜரில் போட்டுவைக்காதீர்கள், தீப்பிடிக்கக்கூடிய சமாச்சாரம். சொந்தமாக நெம்பவும் வேண்டாம், கடையில் கொடுத்து எடுங்கள். பல லேப்டாப்கள் பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும். பேட்டரி நன்றாக இருந்தால் உங்கள் சர்வருக்கு யுபிஎஸ் இலவசம்.

அப்புறம் லினக்ஸ். லினக்ஸ் வகைகளில் நான் டெபியன் போடுவேன், அதிகம் மாறாமல் அமைதியாகக் கிடக்கும் என்பதால். உபுண்டு சர்வர் போட்டாலும் தவறில்லை. அதன் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) இறக்கி, ரூஃபஸ் போன்ற ஒரு கருவியால் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், பழைய கல்யாண போட்டோக்கள் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

டெபியன் நிறுவும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) பாஸ்வேர்ட் கேட்கும் திரையில் ஒன்றும் தட்டாமல் காலியாக விடுங்கள். அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு 'சூடோ' உரிமை, அதாவது ரூட்டின் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் உரிமை, தானாகக் கிடைக்கும். கடைசியில் வரும் மென்பொருள் பட்டியலில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்எச் சர்வர் டிக்கைப் போடுங்கள். கணினிக்குப் பெயர் கேட்கும். நான் வைத்த பெயர் 'பரண்'. இனி அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும். சர்வர் தூங்கக் கூடாது. 'சூடோ நானோ /எட்சி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப்' என்று திறந்து, லாகின் என்ற தலைப்புக்குக் கீழே ஹேண்டில்லிட்ஸ்விட்ச் (HandleLidSwitch) வரியைத் தேடுங்கள். முன்னால் உள்ள # குறியை அழித்து, சமக்குறிக்குப் பின் 'இக்னோர்' என்று மாற்றுங்கள். கன்ட்ரோல் ஓ சேமிக்கும், கன்ட்ரோல் எக்ஸ் வெளியேறும். ஒருமுறை ரீபூட் செய்து மூடியை மூடிப் பாருங்கள்.

வீட்டுக்குள் ஒரு நிலையான முகவரி

ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் தாங்கும், வீட்டுக்கு அது தாராளம். வைஃபைதான் வழி என்றால் அதிலும் ஓடும். கிட் அதிகமாக எதையும் அனுப்புவதில்லை.

லேப்டாப்பில் 'ஐபி ஏ' என்று தட்டினால் 192.168.1.37 மாதிரி ஓர் எண் தெரியும். 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை எல்லாம் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். பக்கத்து வீட்டிலும் ஒரு 192.168.1.37 இருக்கலாம், ஒன்றும் மோதாது.

இந்த எண் உங்களுக்குச் சொந்தமில்லை, ரவுட்டர் வாடகைக்குக் கொடுத்தது. கரண்ட் போய் வந்தபின் அதே எண் வரலாம், வராமலும் போகலாம். நேற்று வேலை செய்த கட்டளை இன்று 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று சொல்வதற்கு, புதியவர்கள் விஷயத்தில், முக்கால்வாசி நேரம் இதுதான் காரணம். ரவுட்டர் பக்கத்தில் நுழைந்து (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) டிஎச்சிபி (முகவரி கொடுக்கும்) பகுதியில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தைத் தேடுங்கள். லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) ஒரு ஐபியை நிரந்தரமாக எழுதிவையுங்கள். வயருக்கு ஒரு மேக், வைஃபைக்கு வேறு மேக். ஒன்றுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதில் இணைத்தால் பழைய கதைதான்.

எண்ணை மனப்பாடம் செய்யப் பிடிக்காதவர்களுக்கு, லேப்டாப்பில் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் அவாஹி-டீமன்'. இதைப் போட்டபின் உங்கள் அன்றாடக் கணினியில் 'பிங் பரண்.லோக்கல்' என்று தட்டினால் பதில் வரும்.

பதில் வரவில்லையா? இரண்டு இடத்தைப் பாருங்கள். உங்கள் கணினி கெஸ்ட் வைஃபையில் இருந்தால், அந்த வலை வேண்டுமென்றே மற்ற கருவிகளை மறைக்கும். இன்னொன்று, இணைய நிறுவனம் வைத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருந்து, ஒரு கணினி இதிலும் மற்றது அதிலும் இருப்பது. ஒரே வீடு, ஆனால் இரண்டு தெரு. இரண்டையும் ஒரே ரவுட்டருக்குக் கீழே கொண்டுவாருங்கள்.

எஸ்எஸ்எச்: பாஸ்வேர்டிலிருந்து சாவிக்கு

1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டார்கள். அங்கிருந்த தாட்டு யூலேனன் அதற்கு மருந்தாக எழுதியதுதான் எஸ்எஸ்எச். அதற்குமுன் கோப்பு அனுப்பும் எஃப்டிபிக்கு 21, தூரத்துக் கணினியில் நுழையும் டெல்நெட்டுக்கு 23 என்று போர்ட்டுகள் (சேவைகளின் வாசல் எண்கள்) இருந்தன. நடுவில் காலியாக இருந்த 22-ஐ அவர் கேட்டு வாங்கினார்.

உங்கள் அன்றாடக் கணினியில் 'எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519' என்று தட்டுங்கள் (இங்கே 'டி' என்பது t, 'இடி' என்பது ed). இரண்டு கோப்பு உருவாகும். '.பப்' என்று முடிவது பூட்டு, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். மற்றது சாவி, யாருக்கும் தரக் கூடாது, வாட்ஸப்பில் உங்களுக்கு நீங்களே கூட அனுப்பிக்கொள்ளக் கூடாது. பூட்டை லேப்டாப்பில் மாட்ட 'எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி', இடைவெளி விட்டுப் பயனர் பெயர், @ குறி, பரண்.லோக்கல். விண்டோஸில் பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை கிடையாது. கிட் ஃபார் விண்டோஸ் நிறுவினால் கூடவே வரும் கிட் பேஷைத் திறந்து அதில் தட்டுங்கள்.

முதல் முறை நுழையும்போது எதிர்க் கணினியின் கைரேகையைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். வீட்டுக்குள்தானே, 'யெஸ்' என்று முழுதாகத் தட்டுங்கள். பிற்பாடு லினக்ஸை மறுபடி நிறுவினால் கைரேகை மாறி, பெரிய எழுத்தில் பயமுறுத்தும் எச்சரிக்கை வரும். 'எஸ்எஸ்எச்-கீஜென் -ஆர் பரண்.லோக்கல்' (பெரிய எழுத்து R) பழைய பதிவை அழித்துவிடும். நீங்கள் எதையும் மாற்றாதபோது அதே எச்சரிக்கை வந்தால் மட்டும் அவசரப்பட்டு அழிக்காமல் ஏன் என்று பாருங்கள்.

நுழைய முடிகிறதா? சரி, தட்டும் வேலையைக் குறைப்போம். உங்கள் கணினியின் '.எஸ்எஸ்எச்' ஃபோல்டரில் 'கான்ஃபிக்' என்று ஒரு கோப்பு உருவாக்கி மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி 'ஹோஸ்ட் பரண்', அடுத்தது 'ஹோஸ்ட்நேம் பரண்.லோக்கல்', மூன்றாவது 'யூசர்' என்று போட்டு உங்கள் பயனர் பெயர். இனி 'எஸ்எஸ்எச் பரண்' என்றாலே போதும். கிட்டும் இதே சுருக்கப் பெயரைப் புரிந்துகொள்ளும், கீழே அது உதவும்.

சாவி வேலை செய்வது உறுதியானபின் பாஸ்வேர்ட் நுழைவை மூடிவிடலாம். '/எட்சி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்' கோப்பில் 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ'. மாற்றியதும் 'சூடோ எஸ்எஸ்எச்டி -டி' (கடைசி எழுத்து t) தட்டினால் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும், இல்லையென்றால் வாயைத் திறக்காது. பிறகு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச்'. இந்த நேரத்தில் திறந்திருக்கும் விண்டோவை மட்டும் மூடிவிடாதீர்கள். இன்னொரு டெர்மினலைத் திறந்து, புதிதாக நுழைய முடிகிறது என்று பார்த்தபின்தான் முதலாவதை மூட வேண்டும்.

நான் மூடினேன். சாவியை வேறு பயனருக்கு மாட்டியிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. என் லேப்டாப்பின் திரை போய் வருடங்கள் ஆகியிருந்ததால், அதைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து எச்டிஎம்ஐ வயரில் டிவியோடு மாட்ட வேண்டியதாயிற்று. சரியாக எட்டு மணி சீரியல். "என்னடா, டிவி ரிப்பேரா?" என்று அம்மா கேட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்தவருக்கு நான் என்ன சொல்லியும் நம்பிக்கை வரவில்லை.

வெற்று ரெப்போ

இப்போது முக்கியமான வேலை, ஆனால் இருப்பதிலேயே சின்னது. லேப்டாப்புக்குள் நுழைந்து 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் கிட்'. பிறகு 'கிட் இனிட் --பேர் -பி மெயின் கிட்/கணக்கு.கிட்'. அவ்வளவுதான், ரெப்போ (ஒரு ப்ராஜெக்டின் வரலாற்றைக் கிட் வைக்கும் இடம்) தயார், சர்வரும் தயார். 'கணக்கு' என்பது என் வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் சின்ன நிரல், உங்களுடையதற்கு உங்கள் பெயர்.

'பேர்' என்றால் வெற்று. உள்ளே 'எல்எஸ்' தட்டினால் உங்கள் கோப்புகள் ஒன்றுகூடத் தெரியாது. 'ஹெட்', 'ஆப்ஜெக்ட்ஸ்', 'ரெஃப்ஸ்' என்று ஏதேதோ இருக்கும். சாதாரணமாக உங்கள் ப்ராஜெக்டில் '.கிட்' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருப்பது இங்கே வெளியிலேயே இருக்கிறது, அவ்வளவே. சர்வரில் யாரும் உட்கார்ந்து கோப்பைத் திருத்தப் போவதில்லை, வரலாறு மட்டும் போதும். வெற்றாக இல்லாத ரெப்போவில் திறந்திருக்கும் பிராஞ்சுக்கே (வரலாற்றின் ஒரு கிளை) புஷ் செய்தால், அதாவது மாற்றங்களை அனுப்பினால், கிட் மறுத்துவிடும். ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் நோட்டில் பின்னாலிருந்து இன்னொருவர் பக்கத்தை மாற்றுவது போல ஆகிவிடும் அல்லவா.

'-பி மெயின்' (இங்கே 'பி' என்பது b) ஏன்? கிட்டை அப்படியே விட்டால் பல கணினிகளில் முதல் பிராஞ்சுக்கு 'மாஸ்டர்' என்று பெயர் வைக்கும். நீங்கள் 'மெயின்' புஷ் செய்வீர்கள். அடுத்த முறை குளோன் செய்யும்போது (முழுப் பிரதி எடுக்கும்போது) இல்லாத பிராஞ்சைத் தேடி, காலி ஃபோல்டரைக் கொடுத்துவிட்டு ஒரு எச்சரிக்கையோடு நின்றுவிடும். கோட் போய்விட்டதோ என்று வயிறு கலங்கும். போகவில்லை, 'கிட் ஸ்விட்ச் மெயின்' என்றால் வந்துவிடும். முதலிலேயே பெயர் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் கணினியில், ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் 'கிட் ரிமோட் ஆட் பரண் பரண்:கிட்/கணக்கு.கிட்'. முதல் 'பரண்' கிட்டுக்குள் ரிமோட்டின் (தூரத்துப் பிரதியின்) பெயர், இரண்டாவது கான்ஃபிக் கோப்பில் வைத்த சுருக்கப் பெயர். பிறகு 'கிட் புஷ் -யு பரண் மெயின்'. இந்த '-யு'வை ஒருமுறை கொடுத்தால் அடுத்த தடவை முதல் வெறும் 'கிட் புஷ்' போதும்.

கிட்ஹப் 'ஆரிஜின்' என்ற பெயரில் ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும். ஒரு ப்ராஜெக்டுக்கு எத்தனை ரிமோட் வேண்டுமானாலும் வைக்கலாம். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் கணக்குப் பாஸ்வேர்டை வைத்துப் புஷ் செய்ய முடியாது. இப்போது உருவாக்கிய '.பப்' கோப்பை அங்கேயும் ஒட்டினால் ஒரே சாவி இரண்டு இடத்துக்கும் ஆகும்.

கை நடுங்கும் தருணங்கள்

கோப்புகளைப் பழைய நிலைக்கே தள்ளிவிடும் 'கிட் ரீசெட் --ஹார்ட்' தட்டிவிட்டு முகம் வெளுத்தவர்கள் உண்டு. கமிட் செய்த, அதாவது கிட்டின் வரலாற்றில் பதிந்த, வேலை என்றால் பதற வேண்டாம். 'கிட் ரீஃப்லாக்' தட்டுங்கள். நீங்கள் நின்ற ஒவ்வொரு கமிட்டும் பட்டியலாக வரும். வேண்டியதின் எண்ணை எடுத்து, 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்று எழுதி அதன் பக்கத்தில் அந்த எண்ணை ஒட்டினால், தொலைந்தது ஒரு பிராஞ்சாக உயிரோடு எழும். வழக்கமான அமைப்பில் எந்தப் பிராஞ்சிலும் சேராத கமிட்டுகளின் ரீஃப்லாக் பதிவை 30 நாளும், மற்றவற்றின் பதிவை 90 நாளும் கிட் வைத்திருக்கும். இது உங்கள் கணினியில் மட்டும் உள்ள டைரி, புஷ் செய்தால் சர்வருக்குப் போகாது. கமிட்டே செய்யாமல் ரீசெட் அடித்தது? அதை மீட்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால்தான் சின்னச் சின்னதாகக் கமிட் செய்யச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, ஏபிஐ சாவியோ (வேறொரு சேவையைப் பயன்படுத்த நிரலுக்குத் தரும் ரகசியக் குறி) டேட்டாபேஸ் பாஸ்வேர்டோ உள்ள '.என்வ்' கோப்பைத் தெரியாமல் கமிட் செய்து கிட்ஹப்பில் ஏற்றிவிடுவது. அடுத்த கமிட்டில் அழித்தால் போதும் என்று தோன்றும். போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். முதல் வேலையாக அந்தச் சாவியை ரத்து செய்து புதிது எடுங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் பிறகு. வராமல் தடுக்க, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான '.கிட்இக்னோர்' கோப்பில் ப்ராஜெக்டின் முதல் நாளே அந்தப் பெயரை எழுதுங்கள், கூடவே 'கிட் ஆட் .' என்று மொத்தமாக அள்ளிப் போடாமல் 'கிட் ஆட் -பி' (இங்கே 'பி' என்பது p) பழகுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் காட்டி இது வேண்டுமா என்று கேட்கும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

டெர்மினலிலும் சில பொறிகள் உண்டு. சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் திரை உறைந்துவிடும். ஒன்றும் ஆகவில்லை, கன்ட்ரோல் க்யூ அழுத்துங்கள். 'ஆர்சிங்க்' வைத்து ஃபோல்டரை நகலெடுக்கும்போது மூலத்தின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே உள்ளவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரோடு போகும். '--டெலீட்' சேர்த்து ஓட்டுவதானால் முதலில் '-என்' போட்டு ஒத்திகை பாருங்கள். பழைய கட்டளையைத் தேட மேல் அம்புக்குறியை நாற்பது முறை தட்டுவதற்குப் பதில் கன்ட்ரோல் ஆர் அழுத்தி அதில் ஒரு சொல்லைத் தட்டினால் வந்து நிற்கும். சர்வரில் நீண்ட வேலை ஓடும்போது வைஃபை அறுந்தால் வேலையும் நின்றுவிடலாம். 'டீமக்ஸ்' நிறுவி அதற்குள் ஓட்டினால் அறுந்தாலும் தொடரும். மறுபடி நுழைந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்றால் விட்ட இடத்திலேயே இருப்பீர்கள்.

வெளியூரிலிருந்து எட்டுவது

ஹாஸ்டலிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பரணுக்குப் புஷ் செய்ய ஆசை வரும். ரவுட்டரில் போர்ட் 22-ஐத் திறந்துவிடு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இணையம் முழுக்கத் திறந்த 22-களைத் தேடிக்கொண்டே திரியும் ரோபோக்கள் இருக்கின்றன. திறந்த கொஞ்ச நேரத்திலேயே ரூட், அட்மின் என்று பெயர் மாற்றி மாற்றித் தட்டும் முயற்சிகள் பதிவேட்டில் வரிசை கட்டும்.

அதோடு, திறந்தாலும் பல வீடுகளில் வேலை செய்யாது. ரவுட்டரில் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்திருக்கிறது. ஐபிவி4-இல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான், எல்லாருக்கும் போதவில்லை. அதற்காகவே 2012-இல் இந்தத் தொகுப்பை ஒதுக்கினார்கள். பெரிய அபார்ட்மென்டுக்கு ஒரே வாசல் எண் இருப்பது போலத்தான், தபால்காரருக்கு உங்கள் கதவு தெரியாது.

இதற்குச் சுலபமான வழி டெய்ல்ஸ்கேல். இரண்டு கணினியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் போதும், போர்ட் எதையும் திறக்காமல் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். அடியில் ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன் (கணினிகளுக்கு நடுவே பாதுகாப்பான தனிப்பாதை), அது 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. டெய்ல்ஸ்கேல் தரும் முகவரியும் அதே 100-வரிசையில்தான் இருக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம். கான்ஃபிக் கோப்பில் 'ஹோஸ்ட்நேம்' வரியில் அந்த எண்ணை எழுதினால் வீட்டிலும் வெளியிலும் அதே 'கிட் புஷ்'தான். கொஞ்சம் கை பழகியபின் வயர்கார்டை நேரடியாக அமைத்துப் பாருங்கள், நெட்வொர்க் அப்போதுதான் உண்மையாகப் புரியும்.

கரண்ட் போனால்

லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். 12 வோல்ட் ரவுட்டருக்கென்று குட்டி யுபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸில் (லினக்ஸுக்கு முன்னால் எழும் அமைப்பு) கரண்ட் வந்ததும் தானாக எழும் வசதி சில லேப்டாப்களில் உண்டு, பலவற்றில் கிடையாது.

உங்கள் கணினியில் ஒரு பிரதி, பரணில் ஒரு பிரதி. ஆனால் இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே மின்னலுக்குக் கீழ். வெளியே மூன்றாவது பிரதிக்குத்தான் கிட்ஹப்போ நண்பர் வீட்டு லேப்டாப்போ.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. லேப்டாப்பின் பவரைப் பிடுங்கி, முழுதாக அணைத்து, மறுபடி போடுங்கள். அதன் கீபோர்டைத் தொடாமல் உங்கள் கணினியிலிருந்து, '/டெம்ப்' ஃபோல்டருக்குள் போய், 'கிட் குளோன் பரண்:கிட்/கணக்கு.கிட்'. வந்த பிரதியில் 'கிட் லாக் --ஒன்லைன்' தட்டி, நீங்கள் கடைசியாகப் புஷ் செய்த கமிட் முதல் வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த நிரலை ஒருமுறை ஓட்டுங்கள். எனக்கு முதல் தடவை ஓடவில்லை, ஒரு கோப்பை '.கிட்இக்னோர்' விழுங்கியிருந்தது.